மாமியின் அத்தர்

"அறுபது வயசுல அத்தர் கேக்குதா உன் மாமியாருக்கு?"

பக்கத்து வீட்டுத் தஹ்மீனா, நஃபீசாவின் காதருகே வந்து கத்தினாள். காதில் மிஷின் மாட்டியிருந்தாலும் அப்படிக் கத்தினால்தான் நஃபீசாவுக்குக் கொஞ்சமாவது கேட்கும். மீதியை எதிராளியின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

"அவங்க நடந்து போனா நாகூர் கடைத்தெருவே திரும்பிப் பாக்குது. மாமா மவுத்தாகி இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் ரோஜா மணக்கணுமா?"

"பூசிட்டுப் போகட்டுமே லாத்தா."

"தலைவலின்னு நெத்தி நிறையத் தைலம். அதுக்கு மேல அத்தர். இது என்ன கூத்து? நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

நஃபீசா சிரித்து மழுப்பினாள். அவளா சொல்லுவாள்? மாமி அத்தரை விட்டுவிட்டால் முதலில் மாட்டிக்கொள்வதே அவள்தானே!

காது மந்தம் அவளுக்குப் பிறவியிலேயே உண்டு. அது தெரிந்துதான் அஹமது கபீர் அவளைத் திருவாரூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தான். ஆனால் இப்போது கண்ணும் போய்க்கொண்டிருப்பது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

முதலில் பொழுது சாய்ந்தால் மட்டும் தடுமாறினாள். அப்புறம் பட்டப்பகலிலேயே பக்கவாட்டில் ஒன்றும் தெரியாமல் போனது. ஊதாங்குழலில் கண்ணை வைத்துப் பார்த்த மாதிரி, நேர் எதிரே ஒரு வட்டம். அந்த வட்டமும் சுருங்கிக்கொண்டே வந்தது. அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்த டாக்டர், இது காதும் கண்ணும் சேர்ந்து பாதிக்கிற கோளாறு, மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார். அம்மாவும் மகளும் வாயைத் திறக்கவில்லை.

காதுக்கு மேல் கண்ணுமா என்று தெரிந்தால் பெட்டியைக் கட்டித் திருவாரூரிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். சவூதியில் சம்பாதிக்கிற மாப்பிள்ளைக்கு வேறு பெண்ணா கிடைக்காது?

அதனால் நடித்தாள்.

அடுப்படியில் உப்பு டப்பாவைத் தடவித் தேடிக்கொண்டிருப்பாள். கம்மென்று ரோஜா வாசம் வரும். மாமி வருகிறார்! சட்டென்று துணியை எடுத்து அலமாரியைத் துடைக்கிற மாதிரி நிற்பாள். சுவரைப் பிடித்து நடக்கும்போது வாசம் வந்தால் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்துகொள்வாள். வாசம் முன்னால் வரும், ஆள் சற்றுத் தாமதமாகத்தான் வருவார். பாவம், முழங்கால் வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

தஹ்மீனா விடுகிறவளா? நேராக மாமி ஜன்னத் பீவியிடமே கேட்டுவிட்டு, திரும்பி வந்து புலம்பினாள்.

"என்ன சொல்றாங்க தெரியுமா? 'மவுத்தானது கபீரோட வாப்பா. என் மூக்கு இன்னும் உசுரோடதான் இருக்கு, போடி'ங்கிறாங்க!"

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மாமி அவளையும் கூட்டிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். நஃபீசாவுக்கு ஃபோனில் கேட்காது. இருந்தாலும் மகனோடு பேசும்போது மருமகள் பக்கத்தில் இருக்க வேண்டும் மாமிக்கு.

மாமி கண்ணாடிக் கூண்டுக்குள் பேசிக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நஃபீசா, தன் சின்ன வட்டத்துக்குள் மாமியின் முகத்தைப் பிடித்து வைத்திருந்தாள். ஃபோனில் பேசுகிறவனுக்குக் கை தெரியாது என்பது மாமிக்கு என்றைக்கும் நினைவிருக்காது. எல்லாவற்றையும் கையால் காட்டித்தான் பேசுவார்.

இப்போது தன் இரண்டு கண்ணையும் தொட்டுக் காட்டினார். பிறகு நஃபீசா பக்கம் கையை நீட்டினார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாமிக்குத் தெரிந்துவிட்டது. மகனிடம் சொல்லியும் ஆயிற்று.

"மாமி, அவங்க என்ன சொன்னாங்க?"

மாமி அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"லீவு போட்டுட்டு வர்றானாம்."

அதோடு பூத்துக்காரரிடம் காசை எண்ணிக் கொடுக்கப் போய்விட்டார்.

கபீர் வந்து சேர்ந்தது பொழுது சாய்ந்த மஃரிப் நேரம், நஃபீசாவுக்கு ஆகாத நேரம். இருட்டோடு இருட்டாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் அவளுடைய துணிப்பெட்டி தயாராக இருந்தது. அவர்கள் போகச் சொல்வதற்கு முன் தானே போய்விடுவது கௌரவம் என்று கட்டி வைத்தது.

வாசம் வந்தது. ரோஜா இல்லை. மல்லிகை.

திடுக்கிட்டு எழுந்தாள். யார் இது? ஒரு கை அவள் கையைப் பிடித்தது. காய்த்துப்போன, பழகிய கை.

"மச்சான்!"

கபீர் கையை விடாமல் கூடத்துக்கு, டியூப்லைட் வெளிச்சத்துக்கு அழைத்து வந்தான். ரோஜா அங்கே நின்றுகொண்டிருந்தது.

சவூதிச் சாமான் பார்க்க வந்த தஹ்மீனா வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சரிதான்! உம்மாவுக்கு ரோஜா, மவனுக்கு மல்லியா? குடும்பமே கிளம்பிட்டீங்களா?"

"நானா ஆசைப்பட்டுப் பூசினேன் லாத்தா? உம்மாதான் வாங்கிப் பூசிட்டு வரணும்னு ஃபோன்ல சொன்னாங்க" என்றான் கபீர், நஃபீசாவுக்கும் கேட்கிற மாதிரி. "அவங்களுக்கு அத்தர் வாசம் பட்டாலே தலை வெடிக்கும். வாப்பாவையே பூச விட்டதில்ல."

"அப்புறம் எதுக்காம் இந்த வேஷம்?"

ஜன்னத் பீவி மகனின் பெட்டியிலிருந்து இன்னொரு குப்பியை எடுத்துத் தஹ்மீனாவின் கையில் திணித்தார். பிறகு, வாயசைவு நன்றாகத் தெரியும்படி நஃபீசாவின் முகத்துக்கு நேரே திரும்பிக்கொண்டு, தஹ்மீனாவுக்குச் சத்தமாகச் சொன்னார்.

"இது சந்தனம். இனிமே இந்த வாசப்படி ஏறணும்னா நீயும் பூசிக்கிட்டு வா. வர்றது யாருன்னு என் மருமவளுக்குத் தெரியணும்ல!"