கத்தரிப்பூ நிறம்

கூந்தாலியின் முனை மடங்கியிருந்தது. பொன்னுலிங்கம் அதைப் பட்டறை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"மேல கொஞ்சம் மண்ணுதான் அண்ணே. கீழ முழுக்க வெட்டுகல்லு. இது கடிக்கமாட்டங்கு."

வேறு பட்டறையில் கொடுக்கலாம் என்று ஊரில் சிலர் சொன்னார்களாம். யேசுதாசன் தலையை மட்டும் அசைத்து மறுத்தார். அடுப்பில் கரியைக் கொட்டினார்.

புதுக்கடைச் சந்தைக்குப் பின்னால் இந்தப் பட்டறையை அவருடைய அப்பா ஆபேல் தொடங்கியது பனையேறிகளின் பாளை அரிவாளுக்காக. மலையில் ரப்பர் தோட்டங்கள் வந்த பிறகு பால்வெட்டும் கத்தியும் சேர்ந்துகொண்டது. சம்மட்டி அடிக்க யாரும் வரலாம். அடித்ததைக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி உறுதியேற்றுகிற தோய்ச்சலை மட்டும் ஆபேல் குடும்பத்துக்கு வெளியே விடவில்லை.

அது யேசுதாசன் கைக்கு வந்தது. நெருப்பைப் பார்த்துப் பார்த்து அவர் கண் மங்கியதும் பாதி அவர் மகளுக்குப் போனது.

இரும்பு சிவப்பது அவருக்கு இன்னும் தெரியும். முக்கி எடுத்த பிறகு முனையில் ஊர்ந்து வருகிற மெல்லிய நிறங்கள்தான் தெரியாது. செல்லபாய் அவருடைய இடப்பக்கம் நின்று சொல்லுவாள். வைக்கோல். கருப்பட்டி. கத்தரிப்பூ. கத்திக்குக் கருப்பட்டியில் நிறுத்த வேண்டும். கல்லை உடைக்கிற கூந்தாலிக்குக் கத்தரிப்பூ. அவர் கொஞ்சம் பிந்தினால், "உறங்குதியளா அப்பா?" என்று அதட்டுவாள்.

போன மாதம் அப்பாவும் மகளும் கத்திகளைக் கொடுக்கக் கீரிப்பாறைப் பக்கம் போனார்கள். மகள் போகவேண்டாம் என்று அவர் மனைவி குளோரி தடுத்தாள். மலை பார்க்கட்டுமே என்று யேசுதாசன்தான் கூட்டிப்போனார். இருவருமே குளிர்காய்ச்சலோடு திரும்பினார்கள். யேசுதாசன் சீக்கிரம் எழுந்துவிட்டார்.

துருத்தியை அழுத்த ஆள் இல்லை. பொன்னுலிங்கம் முன்னால் வந்தான். அதற்குள் குளோரி வீட்டுக்குள்ளிருந்து எழுந்து வந்து துருத்தியருகே உட்கார்ந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

காற்று ஒரே சீராகப் போனது. கரி கனிந்தது.

யேசுதாசன் மடங்கிய முனையை அடித்து நிமிர்த்தினார். மறுபடியும் காய்ச்சினார். சிவந்ததும் முனையை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுத்து, செங்கல்லால் தேய்த்தார்.

இனி நிறம் வரும். உறுதி குறைந்தால் முனை மறுபடியும் மடங்கும். கூடினால் உடையும். எதுவானாலும் பொன்னுலிங்கம் இதே கூந்தாலியோடு திரும்பி வந்து இதே வாசலில் நிற்பான். அதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

குறட்டைப் பிடித்தபடி அவர் இடப்பக்கம் காதைச் சாய்த்தார். பழக்கம்.

ஒரு சத்தமும் இல்லை.

துருத்தி நின்றுவிட்டிருந்தது. குளோரி இதற்கு முன் ஒருநாளும் நிறம் சொன்னதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்களையிலிருந்து, மகள் சொல்லுவதைக் கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான்.

"கத்தரிப்பூ வந்துட்டு," என்றாள்.

அவர் முக்கினார். தண்ணீர் சீறி அடங்கியது.

அவள் உண்மையிலேயே பார்த்துச் சொன்னாளா என்று அவர் கேட்கவில்லை. அரத்தை முனையில் இழுத்துப் பார்த்தார். அரம் வழுக்கி, கொஞ்சமாகப் பற்றியது. போதும்.

பொன்னுலிங்கம் கூந்தாலியைத் தோளில் வைத்தான். ஆனால் போகவில்லை. சவப்பெட்டி செய்கிற ஆசாரி இன்னும் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். பெட்டி முடிந்து அளந்து பார்க்கும்வரை குழி காத்திருக்காது.

"நீளம் எவ்வளவு வச்சு வெட்டட்டும், அண்ணே?"

யேசுதாசன் நிமிர்ந்து நின்றார். கரி படிந்த கையைத் தன் தோள்மட்டத்தில் வைத்துக் காட்டினார்.

"செல்லபாய் எனக்கு இதுவரைக்கும் நிப்பா."