நாலாம் வரிசை

"உன் மாப்பிள்ளை வந்துட்டாரு," என்றேன்.

யாஸ்னா தலை தூக்கவில்லை. முன்னால் நின்ற குடும்பத்தின் பையிலிருந்து இரண்டு கேரட்டை எடுத்துத் தொட்டியில் போட்டாள்.

மூன்று வரிசைகள் காலியாக இருந்தும் பெரியவர் அன்செல்மோ நாலாவதில் போய் நின்றார். அதுதான் யாஸ்னாவின் வரிசை. பின்னால் வந்த இரண்டு பேரை "நீங்க போங்க, எனக்கு அவசரமில்ல" என்று முன்னே விட்டார்.

அர்ஜென்டினாவிலிருந்து மலை இறங்கி சிலிக்குள் வருகிறவர்கள் எங்கள் இரண்டு பேரையும் தாண்டித்தான் போக வேண்டும். நான் சுங்கம். கார் யார் பெயரில் இருக்கிறது, காப்பீடு இந்தப் பக்கம் செல்லுமா, பனிக்குச் சக்கரச் சங்கிலி இருக்கிறதா என்று பார்ப்பேன். பகலிலும் முன்விளக்கைப் போட்டு ஓட்டச் சொல்லி அனுப்புவேன்.

யாஸ்னா விவசாயச் சோதனை. பழம், காய், விதை, தேன், பாலாடைக்கட்டி எதையும் விடமாட்டாள். கொண்டு வந்ததைப் படிவத்தில் ஒப்புக்கொண்டால் பொருள் மட்டும் போகும். மறைத்தால் அபராதம்.

அன்செல்மோ மறைக்க மாட்டார். அதுதான் எங்களுக்கு வேடிக்கை.

நவம்பரில் ஒரு ஆப்பிள் கொண்டுவந்தார். டிசம்பரில் ஒரு புட்டி தேன். அப்புறம் ஒரு வெங்காயம், ஒரு எலுமிச்சை, ஒரு பிடி வால்நட், ஒரு துண்டு வீட்டுப் பாலாடைக்கட்டி. மாதம் ஒரு சனிக்கிழமை, மாதம் ஒரு தடைப் பொருள். 'ஆம், இருக்கிறது' என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு குறி.

குறி போட்டவரைத் தனியாக மேசைக்கு அழைத்து, பெட்டியைத் திறந்து பார்த்து, பறிமுதல் சீட்டு எழுத வேண்டும். பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் எழுதுவதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அதன் பிறகு உள்ளே போய் ஊர் சுற்றுவாரா என்றால் அதுவும் இல்லை. கீழே முதல் உணவு விடுதி வரை போய் ஒரு காபி குடித்துவிட்டு, இரண்டு மணி நேரத்தில் திரும்பி என்னிடமே வண்டிக் காகிதத்தை நீட்டுவார்.

அறுபது வயசுக்காரர். அவளுக்கு முப்பது. சோதனைச் சாவடி முழுக்க ஒரே பேச்சாகிவிட்டது. சமையற்காரம்மா மார்த்தா கல்யாணத்துக்கு எந்த உடுப்பு போடுவது என்று யாஸ்னாவையே கேட்டாள். யாஸ்னா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. முத்திரையைக் கொஞ்சம் ஓங்கிக் குத்துவாள், அவ்வளவுதான்.

ஏப்ரலில் மனசு கேட்காமல் நானே அவரிடம் சொன்னேன். "ஐயா, ஒண்ணும் கொண்டு வராதீங்க. 'இல்லை'ன்னு குறி போடுங்க. ரெண்டு நிமிஷத்துல போயிடலாம்."

"ரெண்டு நிமிஷத்துல போயிட்டா அப்புறம் எதுக்குத் தம்பி வர்றது?"

அதையும் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

இன்று அவர் முறை வந்தது. மேசையில் ஒரு பேரிக்காயை வைத்தார். துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"ஐயா, இது ஏழாவது தடவை," என்றாள் யாஸ்னா. "எது வரலாம், எது வரக் கூடாதுன்னு இன்னும் தெரியலையா?"

"வயசாச்சும்மா. மறந்துடுது."

"குறி போட மட்டும் மறக்கறதில்ல."

அவர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவள் சீட்டை எழுதினாள். வழக்கத்தைவிட மெதுவாக எழுதினாள். பெயர், பொருள், எடை. கையெழுத்துக்கு அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவர் குனிந்து கையெழுத்துப் போடும்போது, எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள், சொன்னாள்.

"நவம்பர்லயே உங்க பேரைப் படிச்சுட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

பேனா நின்றது.

"அம்மாகிட்ட நேத்துதான் சொன்னேன். உங்களைச் சாப்பிட வரச் சொன்னாங்க. நாலு மணிக்கு என் வேலை முடியும், அதுவரைக்கும் போயிடாதீங்க."

எங்கள் நாட்டில் அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று எல்லோருக்கும் இரண்டு குடும்பப் பெயர். யாஸ்னாவுக்கு இரண்டுமே அம்மாவுடையவைதான். அப்பா அவள் பிறக்கும் முன்பே மலைக்கு அந்தப் பக்கம் போனவர் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். நான் கேட்டதோடு சரி. யோசித்ததில்லை.

பெரியவர் தொப்பியைத் தலையில் வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் வந்தது இவ்வளவுதான்:

"வண்டியை எங்கம்மா நிறுத்தறது?"

அவள் அடுத்தவரின் பையை இழுத்துத் திறந்து, உள்ளே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

நான் எழுந்து அவரை வெளியே கூட்டிப்போனேன். கட்டிடத்தின் ஓரத்தில் பனி படாத இடம் ஒன்று இருந்தது. அங்கே நின்றிருந்த பிளாஸ்டிக் கூம்பை நகர்த்திவிட்டுக் கையைக் காட்டினேன்.

அவர் தயங்கினார். சுவரில் ஒரு பலகை இருந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி நனைந்து போயிருந்ததால் படிக்க முடியாமல் என்னைப் பார்த்தார்.

நான் படித்துக் காட்டினேன். "ஊழியர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மட்டும்."

பலகையில் எழுதியிருந்தது 'ஊழியர்களுக்கு மட்டும்' என்றுதான்.