பாட்டில் முறை

"இது ஒன்பதாம் நம்பர். உங்க பாட்டில். உங்க பொண்ணு கைக்கு எப்படி வந்துச்சு?"

டாக்டர் மாதங்கியின் குரல் ஏறிவிட்டது. மலர்க்கொடி சட்டென்று பாட்டிலைத் துப்பட்டாவுக்குள் மறைத்தாள்.

அவள் அம்மா கண்ணாத்தாள் மட்டும் அசரவில்லை. "முறை வச்சிருக்கோம் டாக்டரம்மா."

"என்ன முறை?"

"வாய்க்கால்ல தண்ணி கம்மியா வந்தா முறை வைப்போம்ல? இன்னிக்கு உன் வயல், நாளைக்கு என் வயல். அதே மாதிரி பாட்டில் முறை. நானும் இவளும் சேர்த்து ஊர்ல தடவுற பத்து பேரும் ஒத்துக்கிட்டோம்."

மாதங்கிக்குத் தெரிந்த ஒரே முறை ஆய்வு முறை. அது கண்ணெதிரே வடிந்துகொண்டிருந்தது.

புழுவெட்டுக்கு மருந்து கண்டுபிடிக்கும் ஆய்வு. (இதில் புழுவும் கிடையாது, வெட்டும் கிடையாது. உடம்பின் காவல்படையே முடியின் வேரை எதிரியென்று நினைத்துத் தாக்குகிறது. பெயர் வைத்தவர் அவசரக்காரர்.) ஆறு மாதம் தடவ வேண்டும். பாதிப் பேர் பாட்டிலில் மருந்து, மீதிப் பேர் பாட்டிலில் வெறும் கரைசல். யாருக்கு எது என்று மாதங்கிக்கே தெரியாது. பாட்டில் மாறினால் பத்து பேரும் தள்ளுபடி. மூன்று வருட உழைப்பும் அவர்களோடு போகும்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ஒருத்தர் பாட்டிலை ஒருத்தர் தொடக்கூடாதுன்னு! தலையாட்டினீங்களே!"

"ஆட்டினோம்."

"பொண்ணுன்னதும் மறந்துபோச்சா?"

மலர்க்கொடி களுக்கென்று சிரித்தாள். "பொண்ணாம்!"

"நீ சும்மா இருடி. டாக்டரம்மா, மோர் குடிக்கிறீங்களா?"

"மோரெல்லாம் வேண்டாம். எப்பலேருந்து இந்த முறை?"

"வெள்ளிக்கிழமைலேருந்து."

"எந்த வெள்ளி?"

"போன வெள்ளிதான். தஞ்சாவூருக்குக் கூப்பிட்டுக் கடைசி போட்டோ எடுத்தீங்க. 'ஆராய்ச்சி முடிஞ்சுது, மிச்சத்தை நானே வந்து வாங்கிக்கிறேன்'னீங்க. பஸ்ஸுல திரும்பி வரும்போதுதான் பேசி முடிவு பண்ணினோம். கொண்டுபோய்க் கொட்டத்தானே போறீங்க?"

மாதங்கி அவசரமாக டேப்லெட்டைத் திறந்தாள்.

மலர்க்கொடியின் முதல் மாதப் படம்: பின்னந்தலையில் வழவழவென்று இரண்டு வட்டம். வெள்ளிக்கிழமைப் படம்: அதே இரண்டு வட்டம், இம்மியும் குறையாமல். கண்ணாத்தாளின் தலையிலோ வட்டம் இருந்த இடமே தெரியவில்லை.

ஆய்வு பிழைத்தது.

அப்பாடா என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அந்த மோரைக் கொடுங்க."

பாதி டம்ளர் உள்ளே போனபிறகுதான் கேட்கத் தோன்றியது. "உங்க பாட்டில்ல இருக்கறதுதான் மருந்துன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"ரெண்டாம் மாசமே. தடவினா முள்ளு முள்ளா முளைச்சிருந்துச்சே."

"அப்புறம் நாலு மாசமா, ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, பொண்ணுக்கு ஒரு சொட்டுகூடவா கொடுக்கலை?"

"கொடுக்கிறதா? நகைப் பெட்டியில வச்சுப் பூட்டினாங்க டாக்டர்!" என்றாள் மலர்க்கொடி.

"பாட்டில் மாறினா மருந்து பலிக்குதா இல்லையான்னே தெரியாமப் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?" கண்ணாத்தாள் டம்ளருக்குக் கை நீட்டினாள். "அதான், ஆவணியில வச்சிருந்த இவ கல்யாணத்தைத் தைக்குத் தள்ளிட்டோம்."