துவைக்காத அங்கி

போர்முனைக் கூடாரத்தில் டாக்டருடைய அங்கி ஆணியில் தொங்கியது. வாங்கிய நாள் முதல் துவைக்காத அங்கி. ரத்தம் காய்ந்து காய்ந்து, கழற்றிக் கீழே வைத்தால் தானாகவே நிற்கும் அளவுக்கு விறைத்துப் போயிருந்தது. அதில் அதற்குத் தலைகால் புரியாத பெருமை.

மூலையில் காய்ந்து கிடந்த சோப்புக்கட்டிக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"நீ உரசின காயமெல்லாம் சீழ் பிடிக்குது. ஒரு தடவை தண்ணியில இறங்கேன்" என்றது.

"இதெல்லாம் அழுக்கு இல்ல, அனுபவம்" என்றது அங்கி. "வெள்ளை வெளேர்னு வந்து நின்னா எந்தச் சிப்பாய் நம்பிக் காலை நீட்டுவான்? செத்தவனுங்களுக்கு உடம்புல தெம்பு இல்ல, அவ்வளவுதான்."

ஒருநாள் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே குண்டு விழுந்தது. டாக்டருக்குத் தொடை கிழிந்துவிட்டது. உதவி டாக்டர் ஓடிவந்து, வழக்கம்போல அந்த அங்கியை மாட்டிக்கொண்டு கத்தியை எடுத்தார்.

"யோவ், அதைக் கழட்டித் தூரப் போடு" என்றார் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு. "கையைச் சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவு. கத்தியை வெந்நீர்ல போடு."

சோப்புக்கட்டி அன்றுதான் முதன்முதலாக நுரைத்தது. ஆக, இந்த மனுஷனுக்குத் தெரியாமல் இல்லை என்று நினைத்துக்கொண்டது.

டாக்டரின் காயம் சீழ் வைக்காமல் ஆறியது. நொண்டிக்கொண்டே வேலைக்குத் திரும்பினார். மேஜையில் ஒரு சிப்பாய் படுத்திருந்தான். டாக்டர் ஆணியிலிருந்து அதே அங்கியை எடுத்தார், தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார், மாட்டிக்கொண்டார்.

"பாத்தியா" என்றது அங்கி சோப்புக்கட்டியிடம். "அன்னிக்கு வலியில ஏதோ உளறியிருக்கார்."