அளவு தப்பக் கூடாது

“இண்டைக்கு எத்தின, தம்பி?”

கரண்ட் பிடிக்கிற, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக் கட்டிலில் ஏறுமுன் அப்துல் கபூர் ஹாஜியார் கேட்டார். அவருக்குப் புரொஸ்டேட் புற்றுநோய். இருபது நாள் சிகிச்சை. அன்று பதினோராவது நாள்.

“மூண்டு கிரே, ஹாஜியார். நேற்றும் அதுதான்” என்று கதிரின் அளவைச் சொன்னான் மெஷினை இயக்கும் துசாந்.

“திரையில காட்டுங்க, பாப்பம்.”

காட்டினான்.

“போன கிழமை மெஷின் பழுதெண்டீங்களே. திருத்த வந்தவன் அளவையும் சரி பாத்தானா?”

துசாந்துக்கு வெறுத்துவிட்டது. நேரே டொக்டர் நிலாந்தினியிடம் போனான்.

“மற்ற ஆக்கள் பேசாம வந்து படுக்கிறாங்க, மெடம். இவர் மட்டும் பொலிஸ் மாதிரி விசாரிக்கிறார்.”

“விசாரிக்கட்டும். அவர்ர உடம்பு” என்று டொக்டர் சிரித்தார்.

மறுநாள் ஹாஜியார் டொக்டரிடமே வந்துவிட்டார்.

“மகள், கட்டார்ல இரிக்கிற என்ட மகன் சொல்றான், அளவக் கூட்டினா நோய் சுறுக்கா போகுமாம். அவன்ட கதையக் கேட்டுக் கூட்டிப்போடாதீங்க.”

“கூட்டமாட்டன், ஹாஜியார். குறைஞ்சா நோய் திரும்பி வரும். கூடினா மூத்திரப் பையும் குடலும் வெந்துபோகும். அதான் அளந்து அளந்து குடுக்கிறம்.”

“அப்பிடிச் சொல்லுங்க! படிச்ச மனிசன் ஒரு அளவு எழுதினா, அதில காரணம் இரிக்கும். ஒரு புள்ளி கூடப்படாது.”

சிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பதினெட்டில் நின்ற, நோயைக் காட்டும் பி.எஸ்.ஏ. கணக்கு ஒன்றுக்குக் கீழே இறங்கியிருந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்!” ஹாஜியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

டொக்டர் துசாந்தைக் கூப்பிட்டார். “பாத்தியா? நோயாளி எண்டா இவரப்போல இருக்க வேணும். அளவின்ர அருமை தெரிஞ்ச மனிசன்.”

துசாந் வெட்கத்தோடு தலையாட்டினான்.

அந்த நேரம் ஹாஜியாரின் போன் அடித்தது. கல்முனையில் அவர் நடத்தும் பூச்சிமருந்துக் கடையின் வாடிக்கைக்காரர், சாகாமத்து விவசாயி முகம்மது தம்பி.

“ஓம், சொல்லு தம்பி… வயல்ல அறக்கொட்டியான் பூச்சியா? அடி, அடி… என்ன, போத்தல்ல மூணு மூடி எண்டு போட்டிரிக்கா? அத எழுதினவன் உன்ட வயலுக்க இறங்கிப் பாத்தானா? நீ ஒம்பது மூடி ஊத்து!… என்ன? போனமுறை அடிச்சிட்டு ரெண்டு நாள் சத்தி, வாந்தி எடுத்தியா? அட, பயப்படாத… அப்பதான் மருந்து நல்லாப் பிடிக்கிதெண்டு அர்த்தம்!”