வாசல் வரைக்கும்

வாஷிங் மெஷினை வேனிலிருந்து இறக்கி கேட் ஓரமாக வைத்துவிட்டு, டெலிவரிக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"வீடு மூணாவது மாடி," என்றாள் அவள்.

"தெரியும்மா. கம்பெனி ஒப்பந்தத்துல வாசல் வரைக்கும்தான் டெலிவரி. அதுக்கு மேல வாங்கினவங்க பாடு."

"லிஃப்ட்டும் இல்ல. நான் ஒருத்தியா எப்படித் தூக்குவேன்? ரெண்டு ஆம்பளைங்க இருக்கீங்க, கொஞ்சம் மனசு வைக்கக் கூடாதா?"

"காலையிலேர்ந்து எல்லா வாசல்லயும் இதையேதான் கேட்டாங்க. எல்லாருக்கும் முடியாதுன்னுட்டேன். இங்க மட்டும் தூக்கினா நல்லாவா இருக்கும்?"

டிரைவர் தனக்குச் சம்பந்தமில்லாததுபோல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முணுமுணுத்தபடியே ரசீதில் கையெழுத்துப் போட்டாள். டெலிவரிக்காரர் அதை வாங்கி டிரைவரிடம் நீட்டினார்.

"நீ கிளம்புப்பா. நான் இப்படியே போயிக்கறேன்."

வேன் தெருமுனையில் திரும்பியதும் கம்பெனிச் சட்டையைக் கழற்றி கேட்டில் மாட்டினார்.

"இவ என் பொண்டாட்டின்னு டிரைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவரும் ஒரு கை பிடிச்சிருப்பார்ல?" என்றாள் அவள்.

"நம்ம வீடுன்னா ஒப்பந்தம் மாறிடுமா?" பெருமூச்சோடு குனிந்து மெஷினின் அடியில் கை கொடுத்தார். "வாங்கினவங்க பாடுன்னேன்ல. வாங்கினது நாமதானே, அந்தப் பக்கம் பிடி."