அண்ணி குரலில் ஒரு கார்டு

புதிதாக வந்த பேசும் கிரெடிட் கார்டுக்கு என்ன குரல் வேண்டும் என்று வங்கியில் கேட்டார்கள். கோமளாவோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் கொஞ்சிப் பேசும் குரலாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். கோமளா மட்டும் தன் கணவரின் அக்கா மங்கையர்க்கரசியைக் கூட்டிக்கொண்டு போய், அவர் குரலையே பதிந்து வாங்கினாள். இந்த உலகத்தில் அவளால் எதிர்த்துப் பேச முடியாத ஒரே ஆள் அந்த அண்ணிதான்.

இரண்டு வருஷமாக அந்தக் கார்டு அவள் மானத்தை வாங்கியது. புடவைக் கடையில் நீட்டினால், கடையே திரும்பிப் பார்க்கும்படி, "ஏன்டி, பீரோவுல மடிப்பு கலையாம நாலு கெடக்கே, அத யாரு கட்டுவா?" என்று கேட்கும். பில் வந்தால், "பாதி கட்டுற கதையெல்லாம் வேணாம், முழுசா கட்டு" என்று அதட்டும்.

போன வியாழக்கிழமை மகள் யாழினி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்கு உடனே இரண்டு லட்சம் கட்டச் சொன்னார்கள். என்ன கேட்கப்போகிறதோ என்று நினைத்துக்கொண்டே கோமளா கார்டை நீட்டினாள்.

"கட்டியாச்சு கோமளா. லிமிட் முழுசா அப்படியேதான் இருந்துச்சு. நீ போயி புள்ள பக்கத்துல உக்காரு."

யாழினி கண் விழித்ததும் கோமளா, இன்னும் விஷயம் எதுவும் தெரியாத நிஜ அண்ணிக்குப் போன் போட்டாள்.

"ரொம்ப நன்றி அண்ணி."

"நன்றியா? எந்தக் கடையிலடி நிக்கிற?"